ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவரை என்ன செய்வது? இரண்டாவதாக நின்றவருக்கு என்ன விலை சொல்வது?

ஊட்டி ஃபிலிம் டப்பா:

வணக்கம். பழைய கேமரா, ஃபிலிம், தபால்தலை போன்ற சாமான்களை வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விட்டு விற்கிறேன். அப்பா எச்.பி.எஃப்-இல் வேலை பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் ஊட்டியில் தொடங்கிய மத்திய அரசு கம்பெனி. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் போயின. கம்பெனி மூடியபிறகு அந்த டப்பாக்களுக்கு ஒரு தனி மவுசு. காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தாலும் அட்டை பிரிக்காமல் இருந்தால் போட்டி போட்டுக் கேட்கிறார்கள்.

போன வாரம் ஒரு லாட் போட்டேன். பிரிக்காத இந்து ஃபிலிம், 120 என்ற அளவு, ஐந்து ரோல், கூடவே பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III கேமரா ஒன்று, தோல் உறையோடு. ஆரம்ப விலை 500, நூறு நூறாக ஏற்றம். மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் 1,400-இல் நின்றுவிட்டார். மற்ற இருவரும் விடாமல் மோதி, கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஏறி, 4,200-க்கு முடிந்தது. 4,100 சொன்னவருக்குக் கிடைக்கவில்லை.

எடுத்தவர் அன்று இரவே "சூப்பர் மேடம், காலைல ஜிபே பண்றேன்" என்றார். காலையில் "சம்பளம் வந்ததும்" என்றார். அப்புறம் "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க". இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. நான் பார்சல் கட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த மழையில் கேமராவை மூடிய பெட்டிக்குள் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று திரும்பப் பிரித்து வெளியே எடுத்தேன். கோபம் அதில்தான் அதிகம்.

சரி, இரண்டாமவரிடம் "4,100-க்கு எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "ஏத்திவிட்டது உங்க ஆளுதானே?" எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஓடிப்போனவரை ஏதாவது செய்ய முடியுமா? இவருக்கு என்ன விலை சொல்வது நியாயம்?

கோத்தகிரி தபால்தலை:

அக்கா, கோபப்படாதீர்கள், அவர் கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. சொந்தக்காரர், நண்பர் என்று ஆள் வைத்து விலையை ஏற்றிவிட்டு, மாட்டிக்கொண்டால் "எடுத்தவர் ஓடிவிட்டார், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நம் குழுக்களில் சகஜம். உங்களை அவருக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். ஓடிப்போனவர் ஏலத்துக்கே வராமல் இருந்திருந்தால் உங்கள் லாட் 1,500-க்கு முடிந்திருக்கும். 1,400-இல் ஒருவர் நின்றார், அதற்கு மேல் ஒரு நூறு, அவ்வளவுதான். 1,500-க்கும் 4,100-க்கும் நடுவில் இருப்பதெல்லாம் பணம் தர மனசே இல்லாத ஆள் ஏற்றியது. அதை இவர் தலையில் கட்டக் கூடாது என்பது என் கட்சி.

ஓடிப்போனவரைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். போன் நம்பரை நாலு இடத்தில் போட்டு மானத்தை வாங்கினால் வம்பு உங்களுக்குத்தான். ஈபே மாதிரி தளங்களில் இதற்கு முறை இருக்கிறது: எடுத்தவருக்கு நான்கு நாள், ஐந்தாம் நாளிலிருந்து விற்பவர் ரத்து செய்யலாம், அது வாங்கியவர் கணக்கில் பதிவாகும். அப்படிப் பதிவு சேர்ந்தவர்கள் நம் பொருளைக் கேட்கவே முடியாதபடி தடுத்தும் வைக்கலாம். இங்கே ஈபே 2018 ஆகஸ்டில் மூடியபிறகு நமக்கு வாய்த்தது வாட்ஸ்அப் குழுவும் அட்மினின் நல்ல மனசும்தான்.

குன்னூர் டஸ்ட்:

அம்மா, நான் குன்னூரில் தேயிலை புரோக்கர் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவன். இங்கே 1963-இலிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. சுத்தியல் தட்டின காலத்தையும் பார்த்தேன், கம்ப்யூட்டர் வந்த காலத்தையும் பார்த்தேன். வாங்கிவிட்டுக் கையை விரிக்கிற ஆள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவன் மனசை மாற்ற யாரும் முயற்சி செய்யவில்லை. அவன் விரித்தாலும் விற்றவனுக்கு நஷ்டம் குறைகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள்.

என்ன ஏற்பாடு என்றால், முதலில், பெயர் பதியாதவர் கேட்கவே முடியாது. தேயிலை வாரியத்தில் பதிவு வேண்டும். இரண்டாவது, சாம்பிள். ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் தூள் வாங்குபவர் கைக்குப் போய்விடும். அவர் கொதிக்கவைத்து, வரிசையாகக் கிண்ணத்தில் ஊற்றி, உறிஞ்சித் துப்பிப் பார்த்துவிட்டுத்தான் விலை எழுதிக்கொண்டு வருவார். "நான் நினைத்த மாதிரி இல்லை" என்ற பேச்சுக்கு இடமே கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம். பணம் கட்ட ஒரு கெடு உண்டு, அதை பிராம்ப்ட் என்போம், விற்பனையிலிருந்து பதினான்காம் நாள். பணம் வந்தால் டெலிவரி ஆர்டர். டெலிவரி ஆர்டர் இல்லாமல் குடோனிலிருந்து ஒரு மூட்டை நகராது. உங்கள் ஏலத்தில் கெடு எங்கே இருக்கிறது? "காலைல பண்றேன்" என்பது அவர் வைத்த கெடு, நீங்கள் வைத்தது இல்லை.

கோத்தகிரி தம்பி சொல்கிற 1,500 எனக்கு ஒத்துவரவில்லை. 4,100 வரைக்கும் அவர் வாயால்தானே கேட்டார்? யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அதற்காக 4,100-ஐயே பிடித்துக்கொண்டு நிற்பதும் சரியில்லை. சந்தேகம் வந்த ஆளிடம் நாம் விலை சொன்னால் எந்த விலையும் கூடுதலாகத்தான் தெரியும். அவரையே ஒரு விலை சொல்லச் சொல்லுங்கள். கட்டுப்படியானால் கொடுங்கள், இல்லாவிட்டால் மறு ஏலம். ஆனால் மறு ஏலத்தில் வருகிற லாட்டுக்கு விலை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். விற்காமல் திரும்பக் கேட்லாக்கில் ஏறுகிற தேயிலையை ரீபிரிண்ட் என்போம். அதைப் பார்த்ததும் "ஏன் திரும்பி வந்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கூடலூர் கறுப்பு கோட்டு:

சட்டம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு. சுத்தியல் விழும்வரை, அல்லது வழக்கமான வேறு முறையில் ஏலம் முடிந்தது என்று அறிவிக்கும்வரை, ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். அறிவித்தபிறகு விற்பனை முடிந்தது. ஆகவே 4,200 சொன்னவர் கட்டுப்பட்டவர். வாட்ஸ்அப்பில் நடந்தது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. 4,100 சொன்னவர் கட்டுப்பட்டவர் இல்லை. அவருக்கு மேல் ஒருவர் கேட்டதுமே அவர் கேட்ட விலை செல்லாமல் போய்விட்டது. அவர் "வேண்டாம்" என்றால் வருத்தப்பட உங்களுக்கு உரிமை உண்டு, வற்புறுத்த இல்லை.

அதே பிரிவில்தான் ஆள் வைத்து ஏற்றுவதும் வருகிறது. முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தானோ தன் ஆளை வைத்தோ கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடி என்று கொள்ளலாம். இரண்டாமவரின் சந்தேகத்துக்குப் பின்னால் அவ்வளவு கனமான விஷயம் இருக்கிறது.

அடுத்தது 54-ஆம் பிரிவு. வேறு ஆளுக்கு விற்கும் முன் முதலில் எடுத்தவருக்கு "இந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விற்கிறேன்" என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நியாயமான அவகாசம் இருக்கட்டும். அப்படி விற்று விலை குறைந்தால் அந்த நஷ்டத்தை அவரிடம் கேட்கலாம். நோட்டீஸ் இல்லாமல் விற்றால் நஷ்டம் கேட்க முடியாது, லாபம் வந்தால் அதுவும் அவருக்குப் போகும். நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்கு உதவாது, அது வாங்குபவருக்கானது. சிவில் வழக்கு போடலாம்தான், ஆனால் இந்தத் தொகைக்கு கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வந்துபோகிற பஸ் செலவுக்கே கேஸ் சரியாகிவிடும். நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஊட்டி ஃபிலிம் டப்பா:

எல்லாருக்கும் நன்றி. நோட்டீஸ் அனுப்பினேன், வரும் ஞாயிறு இரவு எட்டு மணி என்று கெடு வைத்து. அரை மணி நேரத்தில் ஓடிப்போனவர் உயிர்பெற்று வந்தார்: "2,000-னா இப்பவே அனுப்பறேன் மேடம்." கெடு வரைக்கும் விலை 4,200 என்று மட்டும் எழுதினேன். ஞாயிறு வந்தது, பணம் வரவில்லை.

திங்கள் காலை இரண்டாமவரை வீடியோவில் கூப்பிட்டேன். ஐந்து டப்பாவின் ஓரத்திலும் அச்சடித்த காலாவதித் தேதியைக் காட்டினேன், கேமராவின் பின்மூடியைத் திறந்து ஷட்டரை அழுத்திக் காட்டினேன். குன்னூர் ஐயா சொன்ன சாம்பிள் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஓடிப்போனவருடன் நடந்த பேச்சையும், நம்பரை மறைத்து, படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் விலையைச் சொல்லுங்கள் என்றேன். 2,500 என்றார். நான் 3,000 என்றேன். 2,800-க்கு முடிந்து, பேச்சு முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. மதியமே ஸ்பீட் போஸ்டில் போட்டாயிற்று.

தம்பி, 1,500-க்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

இனிமேல் என் ஏலத்தில் கேட்பவர்கள் முதலிலேயே 200 ரூபாய் கட்ட வேண்டும். கிடைக்காதவர்களுக்கு அன்று இரவே திரும்பி வரும். எடுத்தவர் 48 மணி நேரத்தில் மீதியைக் கட்டாவிட்டால் அந்த 200 எனக்கு. குழு அட்மின் முனகினார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

கோத்தகிரி தபால்தலை:

2,800 பரவாயில்லை அக்கா, என் கட்சி தோற்றதாக வைத்துக்கொள்கிறேன். அடுத்த லாட்டில் இந்து 35 எம்.எம். ஏதாவது வருமா? 200-ஐ எந்த நம்பருக்கு அனுப்புவது?