லேடெக்டிஃப்: சொந்தக் கட்டளைக்குள் செய்த திருத்தங்கள் குறிக்கப்படவில்லை

கேள்வி:
வணக்கம். ஓலைச்சுவடிப் பதிப்பு ஒன்றை லேடெக் என்ற ஆவண அச்சமைப்பு மென்பொருளில் தயாரித்து வருகிறேன். சுவடி எண்ணையும் அதில் காணும் பாடத்தையும் (சொல்வடிவத்தையும்) இரண்டு உள்ளீடுகளாகப் பெறும் ‘பாடபேதம்’ என்ற கட்டளையை நானே வரையறுத்திருக்கிறேன். நெறியாளர் கேட்டதால், பழைய வரைவையும் புதியதையும் இரு லேடெக் கோப்புகளின் வேறுபாடுகளைக் குறித்துக் காட்டும் லேடெக்டிஃப் கருவி கொண்டு ஒப்பிட்டேன். வழக்கமான பத்திகளில் சேர்த்தவை நீல அலைக்கோட்டுடனும் நீக்கியவை சிவப்பில் அடிக்கப்பட்டும் சரியாகவே வருகின்றன. ஆனால் அக்கட்டளைக்குள் ‘மலர்ந்த’ என்பதை ‘மலர்’ எனத் திருத்திய இடத்தில் எந்த அடையாளமும் இல்லை. புதிய சொல் மட்டும் நிற்கிறது. பதிப்புக்கு உயிரான இடங்களே இப்படி விடுபடுவதால், நெறியாளரிடம் கொடுக்கத் தயங்குகிறேன்.

மறுமொழி 1:
லேடெக்டிஃப் மேக்ரோக்களை (இப்படி வரையறுத்த கட்டளைகளை) விரித்துப் பார்ப்பதில்லை. தன்னிடமுள்ள பெயர்ப்பட்டியல்களை மட்டுமே நம்புகிறது. பட்டியலில் இல்லாத கட்டளையை உள்ளீடுகளோடு சேர்த்து ஒரே துண்டாகக் கருதி, பழையதைச் சதவீதக் குறியிட்டு (அக்குறிக்குப் பின் அவ்வரியில் வருவதை லேடெக் படிக்காது) முடக்கிவிட்டு, புதியதை அடையாளமின்றி அப்படியே வைத்துவிடும். உருவான டெக் கோப்பைத் திறந்தால் ‘மலர்ந்த’ அந்தக் குறிக்குப் பின்னால் கிடப்பதைக் காணலாம். ‘அப்பெண்ட்-டெக்ஸ்ட்சிஎம்டி’ என்ற விருப்பத்தில் கட்டளையின் பெயரை, பின்சாய்கோடு இல்லாமல், கொடுங்கள். கடைசி உள்ளீட்டை மட்டுமே அது உரையாகக் கொள்ளும். தங்கள் கட்டளையில் பாடம் இறுதியில் இருப்பதால் சிக்கல் இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. திருத்தங்கள் இப்போது தெரிகின்றன. ஆனால் பழைய வரைவில் இதே கட்டளைக்கு ‘வேறுபாடம்’ என்று பெயர். இரண்டு பெயர்களையும் உரைப் பட்டியலிலும் ‘அப்பெண்ட்-சேஃப்சிஎம்டி’ என்ற பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்த்தேன். இப்போது, வரையறுக்கப்படாத கட்டளை என்ற பிழையோடு தொகுப்பு (கோப்பை அச்சு வடிவாக்கும் பணி) நின்றுவிடுகிறது.

மறுமொழி 2:
பாதுகாப்பானது என்று அறிவித்த கட்டளை, நீக்கப்பட்ட பகுதியிலும் முடக்கப்படாமல் உயிரோடு இருக்கும். ஒப்பீட்டுக் கோப்பின் முகப்புப் பகுதியோ (வரையறைகள் இடம்பெறும் தொடக்கப் பகுதி) புதிய வரைவினுடையது. பழைய வரையறை அங்கே சதவீதக் குறியிட்ட வெறும் குறிப்பாகிவிடுகிறது. புதிய வரைவின் முகப்பில் ‘ப்ரொவைட்கமாண்ட்’ என்ற வரையறைக் கட்டளை மூலம் ‘வேறுபாடம்’ கட்டளையையும் வரையறுத்துவிட்டு மீண்டும் ஒப்பிடுங்கள். கட்டளைக்குள் நிறம், பெட்டி போன்றவை இருந்து அடிக்கோட்டோடு மோதினால், ‘டைப்’ விருப்பத்தில் ‘சிஃபாண்ட்’ எனக் கொடுங்கள். அது கோடுகளைத் தவிர்த்து, நிறத்தாலும் எழுத்துருவாலும் மட்டுமே வேறுபாட்டைக் காட்டும்.

கேட்டவர்:
வரையறையைச் சேர்த்ததும் பிழையின்றித் தொகுத்தது. ‘மலர்ந்த’ சிவப்பிலும் ‘மலர்’ நீலத்திலும் அருகருகே வந்துவிட்டன.