பாசமலர் பார்த்து அழுவது ஏமாறுவதா?

மணல்மேடு:
நேற்று இரவு வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பாசமலர் பார்த்தோம். அம்மா அழுதார், அத்தை அழுதார், கல்லூரிக்குப் போகும் என் தங்கையும் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது. அடைத்த மறுகணமே கோபம் வந்தது. அந்தக் கோபம் சரியா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1961இல் பீம்சிங் இயக்கிய படம். அண்ணன் உழைத்து முன்னுக்கு வருகிறான், தங்கையைக் கட்டிக்கொடுக்கிறான், உறவு முறிகிறது, சொத்து போகிறது. தீபாவளிப் பட்டாசிலிருந்து தங்கையின் குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கண்ணும் போகிறது. அதுவும் போதாமல் கடைசியில் இருவரும் சாகிறார்கள். பார்ப்பவன் அழும்வரை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டதுபோல இழப்பின் மேல் இழப்பாக அடுக்குகிறார்கள். வெங்காயம் உரித்தாலும்தான் கண்ணீர் வருகிறது.

1982இல் வந்த மூன்றாம் பிறையை இதோடு வைத்துப் பாருங்கள். அதன் முடிவில் யாரும் சாகவில்லை. கேத்தி ரயில் நிலையம், மழை, நினைவு திரும்பிய ஒரு பெண், அவளுக்கு அடையாளம் தெரியாமல் போன ஒருவன். அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. அது கலை. பாசமலர் வெறும் வசூல், கண்ணீர் வசூல்.

பழைய கொட்டகை:
தம்பி, உங்களுக்கு என்ன வயது என்று தெரியாது. எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நான் பாசமலர் பார்த்தது கீற்றுக் கொட்டகையில், மறு வெளியீட்டில். நடுவே தட்டி கட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். சிறுவன் என்பதால் அம்மாவோடு பெண்கள் பக்கம், குவித்த மணல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கடைசிக் காட்சியையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் அழுகை தொடங்கியது அங்கே இல்லை. ‘மலர்ந்தும் மலராத’ பாட்டில் தொடங்கியது. அண்ணன் தன் வீட்டில் தன் குழந்தையைத் தூங்க வைக்கிறான், தங்கை அவள் வீட்டில் அவள் குழந்தையைத் தூங்க வைக்கிறாள். இருவர் வாயிலும் ஒரே தாலாட்டு. டி. எம். சௌந்தரராஜன் ஒரு வீட்டில், பி. சுசீலா இன்னொரு வீட்டில். அந்தப் பாட்டில் யார் செத்தார்கள்? யாரும் இல்லை. நீங்கள் கேட்கும் அடக்கம் அங்கேயே இருக்கிறது.

என் தாய்மாமனுக்கும் அப்பாவுக்கும் வாய்க்கால் தகராறு. அம்மா தன் அண்ணன் வீட்டு வாசலை மிதித்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் அண்ணனை நினைத்து அழுதால் அப்பாவுக்கு எதிராகக் கட்சி கட்டுவதாக ஆகிவிடும். அன்றைக்குக் கொட்டகையில் அம்மா அழுததுபோல அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க முடியாது. படம்தானே பார்க்கிறாள்! இதை வெங்காயம் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது.

வீணைத்தந்தி:
பாட்டு என்று வந்துவிட்டதால் நானும் பேசுகிறேன். ‘இசையைப் போட்டு அழ வைத்துவிட்டார்கள்’ என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். எந்தச் சுரத்துக்கும் அப்படி ஒரு விசை கிடையாது. ஓயாமல் புலம்புகிறவனை முகாரி பாடுகிறான் என்கிறோம். அதே முகாரி ராகத்தில்தான் தியாகராஜர் ‘எந்தநினே வர்ணிந்துனு சபரி பாக்யமு’ பாடியிருக்கிறார். சபரிக்குக் கிடைத்த பேற்றை எப்படி வர்ணிப்பேன் என்று வியக்கிற பாட்டு. அதில் துக்கம் எங்கே இருக்கிறது?

முகாரியில் ஏறும்போது சதுச்ருதி தைவதம், அதாவது சற்று உயர்ந்த ‘த’; இறங்கும்போது சுத்த தைவதம், தாழ்ந்த ‘த’. அந்த இறக்கத்தைக் கமகத்தோடு, சுரத்தை அசைத்து, பிடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. கை வந்த அன்று அழுதேன். துக்கத்தில் அழவில்லை. ஆகவே மணல்மேடு அவர்களே, கண்ணீர் வந்தால் அது சோகத்தை விற்றதால்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

மணல்மேடு:
தாலாட்டுப் பாட்டை ஒப்புக்கொள்கிறேன். அது அருமையான பாட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பதுதான் என் வாதம்.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ படித்திருப்பீர்கள். மனைவியின் மூச்சு ஒடுங்குவதில்தான் கதையே தொடங்குகிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை ஊரைக் கூட்டவில்லை, கதறவில்லை. செய்ய வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்கிறார். அவள் ஆசைப்பட்ட புடவையை உடுத்திவிடுகிறார். கதையில் வருகிறவன் அழாததால் நான் அழுதேன். பாசமலரில் வருகிறவர்களே எல்லாவற்றையும் அழுது முடித்துவிடுகிறார்கள். எனக்கு மிச்சம் வைப்பதில்லை.

பெரியவரே, மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அம்மா கொட்டகையில் அழுது தீர்த்துவிட்டதால்தான் அண்ணன் வீட்டுக்குப் போகாமலே இருந்துவிட்டார்களோ? இந்தப் படங்கள் மீது எனக்குள்ள உண்மையான கோபம் அதுதான். பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, மறுநாள் அதே வீட்டுக்குள் அதே வேலைக்கு அனுப்பிவிடுகின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இருவரும் ஒரே வகை அழுகையைப் பேசவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். உணர்ச்சிகளைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று அழுகை பிறக்க நான்கு நிலைக்களன் சொல்கிறது. இளிவு பிறர் நம்மை இழிவாகக் கருதுவது. இழவு இழப்பது. அசைவு பழைய நிலை கெட்டுத் தாழ்வது. வறுமை விளக்க வேண்டாதது.

பாசமலரின் பிற்பகுதி அசைவிலிருந்து இழவுக்குப் போகிறது. மூன்றாம் பிறையில் இழவு மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் நம்மைத் துரத்தியிருக்காது என்பது என் எண்ணம். அவளுக்குப் பிடித்த குரங்காட்டத்தைத் தலையில் பாத்திரத்தோடு ஆடிக் காட்டுகிறானே, அதைப் பார்த்து அவள் பைத்தியக்காரன் என்று நினைக்கிறாள் அல்லவா? அன்பின் அடையாளமே அவனைப் பிச்சைக்காரனாகக் காட்டுகிறது. அது இளிவு. இத்தாலிய இயக்குநர் டிசிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் திருடிப் பிடிபட்ட அப்பாவை மகன் பார்த்துக்கொண்டு நிற்பதும் அதே இளிவு. மணல்மேடு இளிவுக்கு உருகுகிறவர். கொட்டகைக்காரரின் தாயார் இழவுக்கு அழுதவர். ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய் என்பது வழக்காகாது.

அடக்கம்தான் உயர்ந்தது என்பதையும் நான் ஏற்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டைப் பாருங்கள். ‘சிறிய கட்பெறினே எமக்கீயும் மன்னே.’ கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், அது போயிற்றே என்கிறார். ‘மன்னே, மன்னே’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. வாய்விட்டு அரற்றுகிற பாட்டுத்தான் அது.

கரிசல் மகள்:
ஐயா அரற்று என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் பாட்டி ஒப்பாரி பாடுகிறவர். எந்த வீட்டு இழவுக்கும் போவார். வாசலில் நுழையும்போதே குரல் எழும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். முத்து, பவளம், தங்கக் குடம் என்று வரிகளெல்லாம் ஏற்கெனவே இருப்பவைதான். செத்தவர் பெயரும் உறவுமுறையும் மாறும்.

யாரோ ஒருவருக்காக எப்படிப் பாட்டி இப்படி அழ முடிகிறது என்று சிறுமியாக இருந்தபோது கேட்டேன். ‘அங்கே கிடக்கிறவருக்கா அழுதேன்? உன் பெரியப்பாவுக்கு அழுதேன்’ என்றார். பெரியப்பா ஆறு வயதில் போனவர். அவர் பெயரைச் சொல்லி அழுவதை வீட்டில் எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பாட்டிக்கு ஊரார் சாவுகள் தேவைப்பட்டன.

மணல்மேடு அண்ணா, அழுததால்தான் அந்த அம்மா போகவில்லை என்கிறீர்கள். அவரைப் பஸ் ஏற விடாதது ஒரு வீடு, ஒரு வாய்க்கால் தகராறு, இரண்டு ஆண்களின் வீம்பு. அதற்கெல்லாம் பழியைப் படத்தின் மேல் போடாதீர்கள். இருந்த ஒரே இடத்தில் அவர் அழுதார். அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

மணல்மேடு:
நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் சொல் இல்லை, சகோதரி. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டி ஒப்பாரியில் பாடுகிறவர், தன் துக்கத்தைத் தானே கட்டுகிறவர். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் எங்கே அழ வேண்டும் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

பழைய கொட்டகை:
எங்கே அழ வேண்டும் என்பதை அம்மாவே தீர்மானித்தார், தம்பி. நீங்கள் வெறுக்கும் அந்தக் கடைசிக் காட்சியில், ‘கைவீசம்மா கைவீசு’ என்று சிவாஜி சொல்லும்போது கொட்டகையே கேவியது. அம்மா அழவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை, மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருடைய அழுகை தாலாட்டோடு முடிந்திருந்தது.

உங்கள் கேள்வியை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமன் இறந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. அப்பாவே போகச் சொன்னார். அம்மா மாமன் தலைமாட்டில் உட்கார்ந்து கடைசிவரை கண் கலங்காமல் இருந்தார். கூடப்பிறந்தவளுக்குக் கல் நெஞ்சு என்று என் காதுபடச் சொன்னார்கள். அழுது தீர்ந்துவிட்டதா, அழக்கூட உரிமை இல்லை என்று நினைத்துவிட்டாரா? நான் கேட்டதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்ன வயதில் அண்ணன் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன திருவிழாக்களை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது இருவருக்கும் தெரியவில்லை.