குதிரைத் தோல் தடித்தது என்பதற்காகச் சாட்டை வலிக்காமல் போய்விடுமா?

குளம்படி: "குதிரைத் தோல் தடித்தது, ஜாக்கியின் சாட்டை அதற்குத் தட்டிக் கொடுப்பது போலத்தான்" என்று லாயக்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டு, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மேற்தோலின் தடிப்பிலும் சரி, அதிலுள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

லாயக்காரர்: நுண்ணோக்கியில் குதிரை பார்த்தவருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாகச் சேணம் கட்டிய கை இது. ஊசி போடும்போது தோல் எவ்வளவு எதிர்க்கும் என்பது இந்தக் கைக்குத் தெரியும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குதிரைத் தோல்தான் தடிப்பு என்று அதே ஆய்விலும் இருக்கிறதே, அந்த வரியை மட்டும் ஐயா ஏன் விழுங்கினீர்கள்?

குளம்படி: விழுங்கவில்லை. அந்தத் தடிப்பு கீழே உள்ள கொலாஜன் என்ற புரத இழை அடுக்கில் இருக்கிறது. நான் சொன்ன நரம்பு முனைகளோ அதற்கு மேலே இருக்கின்றன. முதுகுக்குக் கீழே மெத்தை இருப்பதால் நெஞ்சில் விழும் அடி வலிக்காது என்று நீங்கள் வாதாடுகிறீர்கள். விலாவில் ஒரு ஈ உட்கார்ந்தால், அந்த இடத்துத் தோல் மட்டும் வெடுக்கென்று துடித்து அதை விரட்டுவதை முப்பது ஆண்டுகளில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையா? ஈயின் காலை உணரும் தோலுக்குச் சாட்டை மட்டும் தெரியாதாம்!

பந்தயப்பிரியன்: இப்போது வருவது நுரை பொதிந்த சாட்டை. பிரிட்டனில் 2023 முதல் தடைகளைத் தாண்டாத சமதள ஓட்டத்தில் ஆறு அடிக்கு மேல் அடிக்கக் கூடாது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

குளம்படி: வலிக்காத சாட்டைக்கு நுரை எதற்கு, எண்ணிக்கை எதற்கு? நார்வே 1982-லேயே பந்தயத்தில் சாட்டையைத் தடை செய்தது. அதற்காக அந்நாட்டுக் குதிரைகள் நடுவழியில் படுத்துவிடவில்லை. ஆஸ்திரேலியப் பந்தயங்களை அளந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், சராசரி வேகம் உச்சத்தில் இருந்தது முடிவுக்கோட்டுக்கு 600 முதல் 400 மீட்டர் தொலைவில், அதாவது சாட்டையே படாத பகுதியில். களைத்த பிறகுதான் அடி விழுகிறது.

நடுவான்: "தோல்" என்று ஒருவர் மேற்தோலையும் மற்றவர் முழுத் தோலையும் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் அதை வரையறுத்துக்கொண்டால்...

லாயக்காரர்: வரையறையை வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைத் தோல் தடித்தது.

குளம்படி: இவர் சொல்லும் உடற்கூற்றியலின் தரம் நமக்குப் புதிதா? "குதிரையின் இடது மூளைக்கும் வலது மூளைக்கும் தொடர்பில்லை, ஒரு பக்கம் கற்றது மறுபக்கத்துக்குத் தெரியாது" என்று போன தீபாவளியின்போது எழுதியவரும் இவரேதான். இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற நரம்புக் கற்றை குதிரைக்கும் உண்டு. ஒரு கண்ணை மூடிப் பழக்கிய பாடத்தைக் குதிரை மறு கண்ணாலும் அடையாளம் காண்பதை 1999-இல் சோதித்தே காட்டிவிட்டார்கள். அன்று நான் கேட்டதற்கு இன்றுவரை இவரிடமிருந்து பதில் இல்லை.

லாயக்காரர்: பதில் இதோ. தொடர்பு இருக்கிறதென்றால், இடப்பக்கமாக ஏறும்போது சும்மா நிற்கும் குதிரை, வலப்பக்கமாக ஏறப் போனால் ஏன் மிரள்கிறது?

குளம்படி: நீங்கள் நாள்தோறும் இடப்பக்கமாகவே ஏறுவதால்! பழக்கியவர் விட்ட குறையைக் குதிரையின் மூளைமேல் போடாதீர்கள்.

பந்தயப்பிரியன்: சாட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

லாயக்காரர்: மருத்துவர் குளம்படி ஐயா எங்கள் லாயத்துக்கு வந்து, வலப்பக்கமாக ஏறிக் காட்டிவிட்டுப் பிறகு எழுதட்டும்.

குளம்படி: வருகிறேன். நீங்கள் அந்த ஊசியை எடுத்து வையுங்கள். குத்தும்போது குதிரை காதைப் பின்னுக்கு மடக்குகிறதா இல்லையா என்று சேர்ந்தே பார்ப்போம்.

லாயக்காரர்: மடக்கும். ஆனாலும் தோல் தடித்ததுதான்.