புலனுக்கு எட்டாதது உண்டா, இல்லையா?

பூதவாதி27:
மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துப் பூதவாதி ஒருவன் வருகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்கிறான். கண்கூடாகத் தெரிவதே உண்மை, அனுமானம் செல்லாது என்பது அவன் கட்சி. என் கட்சியும் அதுதான். புலனுக்கு எட்டாதது எதுவும் இல்லை. உண்டு என்பவர்கள் காட்டட்டும்.

வழிப்போக்கன்:
கதையில் பாதியை விழுங்கிவிட்டீர்களே! மணிமேகலை அவனிடம் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? அவன் பதில் சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை.

பூதவாதி27:
எழுதிய சாத்தனார் பௌத்தர் பக்கம். எதிர்க்கட்சிக்காரனுக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார். இன்றென்றால் அவன் மரபணுச் சோதனை என்று சொல்லியிருப்பான்.

வழிப்போக்கன்:
மரபணுவை நீங்கள் கண்ணால் கண்டீர்களா? கண்டது ஒரு தாளும் அதில் அச்சான முடிவும். மற்றதெல்லாம் அனுமானம்தான் ஐயா.

தங்கவயல் பேரன்:
என் தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே தங்கம் மட்டும் கிடைக்கவில்லை. 1965இல், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் என்ற, எதையும் துளைத்துப் போகும் நுண்துகள்களின் தடயம் பதிவானது. அவ்வளவு ஆழம் எதற்கு? மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் இறங்கி வரும்.

1930இல் பீட்டா சிதைவின், அதாவது அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் நிகழ்வின், ஆற்றல் கணக்கு உதைத்தது. கண்ணுக்குப் படாத ஒரு துகள் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றார் இயற்பியலாளர் பௌலி. அதுதான் நியூட்ரினோ; பிடிபட்டது 1956இல்தான். இடைப்பட்ட 26 ஆண்டுகளும் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள், சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி, எல்லார் உடம்பையும் துளைத்துப் போய்க்கொண்டுதான் இருந்தன. 1940இல் கேட்டிருந்தால் நீங்கள் 'இல்லை' என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

பூதவாதி27:
சொல்லியிருப்பேன், தோற்றிருப்பேன். ஆனால் கணக்கு உதைக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்ளலாமா? வானியலாளர் லெவெரியேயைப் பாருங்கள். யுரேனசின் பாதை பிசகியது, இன்ன இடத்தில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். 1846இல் பெர்லினில் தேடத் தொடங்கிய முதல் இரவே நெப்டியூன் கிடைத்தது. அதே மனிதர் 1859இல் புதனின் பாதைப் பிசகுக்கு இன்னொரு கோளைச் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள், கண்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோளே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை வந்து அந்தப் பிசகை விளக்கிவிட்டது. ஒரே மூளை, ஒரே முறை. ஒன்றில் கோள், மற்றதில் காற்று. விண்மீன் மண்டலங்களின் கணக்கு உதைப்பதால் உண்டு என்று சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாத இன்றைய கரும்பொருள் நெப்டியூனா, வல்கனா? உங்களால் சொல்ல முடியுமா?

வழிப்போக்கன்:
முடியாது. ஆனால் வல்கன் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தேடினார்கள், அகப்படவில்லை, வேறு விளக்கம் பொருந்தியது. அதற்குப் பெயர் என்ன? இன்னொன்றும் கேட்கிறேன். 'புலனுக்கு எட்டாதது எதுவும் இல்லை' என்பதை எந்தப் புலனால் அறிந்தீர்கள்? காதாலா, மூக்காலா?

பூதவாதி27:
(ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.) அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சுவடும் விடாத ஒன்றைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை.

புளியமரத்தடி:
அப்படி வாருங்கள் வழிக்கு! எங்கள் ஊர்ப் புளியமரத்துப் பேயும் உண்டு என்று ஆகிவிட்டது.

தங்கவயல் பேரன்:
அந்தப் பேயால் எந்தக் கணக்கு உதைக்கிறது அண்ணா? அதை முதலில் சொல்லுங்கள்.

புளியமரத்தடி:
இரவு பத்து மணிக்கு மேல் அந்த வழியாக ஒருவரும் போவதில்லை. அது கணக்கில் வராதா?

பூதவாதி27:
வரும். ஊராரின் பயம் என்ற தலைப்பில்.