அரசுத் துறையா, தொண்டு நிறுவனமா: இணையப் பாதுகாப்பில் யாரை நம்பித் தரவை ஒப்படைப்பது?

கேள்வி: கல்வி_அறங்காவலர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளியை விட்டு இடைநின்ற பிள்ளைகளுக்காகத் தமிழகத்தின் வடமாவட்டம் ஒன்றில் இயங்கும் சிறிய அறக்கட்டளையின் அறங்காவலர்களுள் நானும் ஒருவன். பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் கைபேசி எண், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு, வீட்டில் வன்முறைக்கு ஆளான சில பிள்ளைகளைப் பற்றி எங்கள் ஆற்றுப்படுத்துநர் எழுதிய குறிப்புகளும் எங்களிடம் உள்ளன. அனைத்தும் இப்போது கூகுள் டிரைவில், பலர் பயன்படுத்தும் ஒரே கணக்கில் இருக்கின்றன. எங்களுடன் சேர்ந்து பணியாற்றும் அரசுத் துறை ஒன்று, இந்த விவரங்களைத் தன்னுடைய தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்துவிடலாம், தனியே வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று கூறியிருக்கிறது.

அறங்காவலர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. அரசிடம் அதன் தளங்களைப் பராமரிக்கும் தேசியத் தகவலியல் மையம் இருக்கிறது, இணையத் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் இருக்கிறது, பாதுகாப்புத் தணிக்கை இல்லாமல் தளமே ஏற்றப்படாது, ஆகவே அங்கே வைப்பதே பாதுகாப்பு என்கிறார்கள் சிலர். நாட்டின் முதன்மையான மருத்துவமனையான தில்லி எய்ம்ஸே 2022-இல் இணையத் தாக்குதலால் முடங்கிப்போனதைச் சுட்டிக்காட்டி, நம்மிடம் இருப்பது நம்மிடமே இருக்கட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இரண்டு வகை நிறுவனங்களிலும் பணியாற்றியவர்கள், எந்த அளவுகோலால் ஒப்பிட வேண்டும் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தணிக்கை_மேசை

வணக்கம் ஐயா. அரசுத் தளங்களையும் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றின் கணினி அமைப்புகளையும் தணிக்கை செய்வது என் தொழில். யாரிடம் வசதி அதிகம் என்று கேட்டால் அரசிடம்தான் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஊடுருவல் நடந்தால் அதைக் கவனிக்க அங்கே ஆள் இருக்கிறாரா, கவனித்த பிறகு அதை மறைக்காமல் சொல்லும் கட்டாயம் அவருக்கு இருக்கிறதா, வேலையை மீண்டும் தொடங்க வழி இருக்கிறதா என்பவற்றைக் கொண்டே நான் ஒரு நிறுவனத்தை மதிப்பிடுவேன்.

எய்ம்ஸ் நிகழ்வையே எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர் 23 அன்று அங்கே ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்றும் நாடாளுமன்றத்தில் அரசு பதிலளித்தது. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஓர் அறையில் பற்றிய தீ வீடு முழுவதும் பரவுவதற்குக் கதவே இல்லாத கட்டடம் இடம் கொடுப்பதைப் போன்றது இது. புறநோயாளிப் பதிவும் ஆய்வக அறிக்கைகளும் கையால் எழுதப்பட்டன. பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரம் ஆயிற்று. இவ்வளவுக்கும் நடுவே, தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்பு சர்வரிலிருந்து, மருத்துவமனையின் நோயாளிப் பதிவு மென்பொருளான இ-ஹாஸ்பிடலின் தரவு முழுவதும் மீட்கப்பட்டது. தடுப்பதில் தோற்ற நிறுவனத்தைக் காப்பு நகல்தான் தாங்கிப் பிடித்தது. உங்கள் அறக்கட்டளையின் டிரைவ் கணக்கு நாளை பறிபோனால் உங்களைத் தாங்கிப் பிடிக்கக்கூடியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கத்துக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவைச் சொல்லலாம். அது வழக்கமான தொண்டு நிறுவனம் அன்று. ஆனால் மனிதநேயப் பணியில் அதைவிட வசதி படைத்த அமைப்புகள் குறைவு. போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் திட்டத்தின் தரவு, 5,15,000-க்கும் மேற்பட்டோருடையது, அதன் சர்வர்களிலிருந்து ஊடுருவிகளின் கைக்கு எட்டியது. அவர்கள் உள்ளே நுழைந்தது 2021 நவம்பர் 9. கண்டறியப்பட்டது 2022 ஜனவரி 18. நுழைவதற்குப் பயன்பட்ட ஓட்டை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் வரிசையைச் சேர்ந்த ஒரு மென்பொருளில் இருந்தது. அதற்கான திருத்தம் செப்டம்பரிலேயே வெளியாகியிருந்தும் அந்த அமைப்பில் அது நிறுவப்படவில்லை. ஆயினும், என்ன நடந்தது, எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள், எந்தத் திருத்தம் விடுபட்டது என்பதையெல்லாம் அந்த அமைப்பே தேதியோடு வெளியிட்டது. அரசு நிறுவனங்களிடம் இத்தகைய வெளிப்படைத்தன்மையை அரிதாகவே காண்கிறேன். இதை மனவருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

சட்டக் கட்டாயம் என்று வந்தால் அரசுத் தரப்பு முன்னே நிற்கிறது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, பாதுகாப்பு நிகழ்வைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்; கணினிப் பதிவுகளை 180 நாள்களுக்குச் சேமிக்க வேண்டும். யார் யாருக்கு அது பொருந்தும் என்ற வரிசையில் அரசு அமைப்புகள் வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளன. அறக்கட்டளை, சங்கம் போன்றவை அப்படிக் குறிக்கப்படவில்லை. 2023 ஜூனில் அரசு அமைப்புகளுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. ஒரு துறையின் தளம் கேவலமான நிலையில் இருந்தாலும், அதைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்ற ஒருவர் எங்கோ இருக்கிறார். தொண்டு நிறுவனத்தைக் கேட்பவர் நன்கொடையாளர் மட்டுமே. அவரும் கணக்கைத்தான் கேட்பார்.

மறுமொழி 2: ஓய்வு_பெற்றவர்

மேலே எழுதிய நண்பரின் கருத்தோடு பெருமளவு உடன்படுகிறேன். மாவட்ட அளவில் அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். தணிக்கைச் சான்றிதழ் தளத்துக்குத்தான் கிடைக்கிறதே தவிர, அந்தத் தளத்தைத் திறக்கும் மேசைக்குக் கிடைப்பதில்லை. அதிகாரியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அதாவது அவர் பெயரில் மின்கையொப்பம் இடும் சிறு கருவி, நாள் முழுவதும் ஒப்பந்தக் கணினி இயக்குநரின் கணினியில் செருகியே இருக்கும். அதன் ரகசிய எண் விசைப்பலகையின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். அதிகாரி மாறுதலாகிப் போனாலும் அவர் பெயரிலான லாகின் ஓடிக்கொண்டே இருக்கும். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒரு நாளில் முடிக்க வேண்டிய விண்ணப்பங்களின் எண்ணிக்கை அப்படிச் செய்ய வைக்கிறது. மேல்மட்டத்தில் எத்தனை நெறிமுறை எழுதினாலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை தீராதவரை அந்தச் சீட்டு அங்கேதான் இருக்கும்.

அரசின் இன்னொரு நோய் பழைமை. லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகம் பொதுநிதியில் இயங்குவது. அது 2023 அக்டோபரில் தாக்கப்பட்டு, சுமார் 600 ஜிபி தரவு திருடப்பட்டது; தாக்கியவர்கள் கேட்ட பிணைப்பணத்தை அது கொடுக்கவில்லை. 2024 மார்ச்சில் அது வெளியிட்ட அறிக்கையைப் பொதுத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் படிக்க வேண்டும். மின்சேகரிப்புகளின் நகல்கள் பத்திரமாகவே இருந்தன. அவற்றை மீட்டு இயக்குவதற்கு ஏற்ற அமைப்புதான் இல்லை. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள்களைத் திரும்ப நிறுவவே முடியவில்லை. ஆகவே காப்பு நகல் தாங்கிப் பிடிக்கும் என்ற வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நம் நாட்டில் திட்டம் முடிந்த பிறகும் யாரும் அணைக்காமல் விட்ட அரசுத் தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றிலும் மக்களின் பெயரும் எண்ணும் கிடக்கின்றன.

உங்களைப் போன்ற சிறிய அறக்கட்டளைக்கு இந்தப் பாரம் கிடையாது. முடிவெடுத்தால் அடுத்த திங்கட்கிழமையே அனைவருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம். அரசில் அதற்குக் கோப்பு எழுத வேண்டும்.

மறுமொழி 3: களப்பணி_தோழி

ஐயா இருவருக்கும் நன்றி. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தொண்டு நிறுவனங்களில் பணியாற்றுகிறேன். நம்முடைய நிலை உண்மையில் எப்படி இருக்கிறது என்பதை நம் தரப்பிலிருந்து ஒருவர் சொல்லியாக வேண்டும்.

தொண்டு நிறுவனங்கள் குறைவாகத் தாக்கப்படுகின்றன என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், 2025-இல் வணிக நிறுவனங்களில் 43 விழுக்காடும் தொண்டு நிறுவனங்களில் 30 விழுக்காடும், முந்தைய 12 மாதங்களில் தாக்குதலையோ அத்துமீறலையோ சந்தித்ததாகக் கூறின. இந்த எண்ணைக் காட்டி ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு. ஆனால் அது நிறுவனங்கள் தாமே கண்டுகொண்டு சொன்னவற்றின் கணக்கு. கண்காணிக்க ஆளே இல்லாத இடத்தில் எது கண்ணில் படும்?

நம் பலவீனம் இரண்டு இடங்களில் இருக்கிறது. இரண்டும் நம் அலுவலகச் சுவருக்கு வெளியே உள்ளவை. முதலாவது, நாம் பணம் கொடுத்து வாங்கும் சேவை. நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்கும் பிளாக்பாட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் 2020 பிப்ரவரியில் நுழைந்தவர்கள் மே மாதம்தான் கண்டறியப்பட்டார்கள். வாடிக்கையாளர்களுக்கு அது ஜூலையில்தான் தெரிவிக்கப்பட்டது. 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. வங்கிக் கணக்கு விவரம் போகவில்லை என்று முதலில் சொன்னது உண்மையல்ல என்பதை அந்த நிறுவனத்தின் பணியாளர்கள் சில நாள்களிலேயே அறிந்திருந்தும் திருத்திச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023-இல் அந்த ஆணையத்துக்கு 30 லட்சம் டாலரும், மாநிலங்களுக்கு 4.95 கோடி டாலரும் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதில் எந்தத் தொண்டு நிறுவனமும் தவறு செய்யவில்லை. ஆனாலும் நன்கொடையாளரிடம் தலைகுனிந்து நின்றவர்கள் அவர்கள்தாம்.

இரண்டாவது, பணம் அனுப்பும் வழக்கம். 2017-இல் சேவ் தி சில்ரன் அமைப்பின் அமெரிக்கக் கிளையில், பணியாளர் ஒருவரின் மின்னஞ்சலைக் கைப்பற்றியவர்கள், பாகிஸ்தானில் உள்ள சுகாதார நிலையங்களுக்குச் சூரியத் தகடு வாங்குவதாகப் போலிப் பட்டியல் தயாரித்து, ஏறத்தாழ 10 லட்சம் டாலரை ஜப்பானில் உள்ள கணக்கு ஒன்றுக்கு அனுப்ப வைத்தார்கள். பெரும்பகுதி காப்பீட்டால் மீண்டது. காப்பீடு எடுத்திருக்கும் அறக்கட்டளைகள் நம் ஊரில் எத்தனை?

இவ்வளவு பெரிய நிகழ்வுகளுக்குப் போகாமலே நம் அன்றாடத்தைப் பார்க்கலாம். கிராமத்துக்குப் போன களப்பணியாளர் ஆதார் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அலுவலகத்தில் இருப்பவர் அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுகிறார். படம் குழுவில் உள்ள அனைவரின் கைபேசியிலும் தங்கிவிடுகிறது. அவர்களுள் சிலர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள். நிறுவனத்தின் பொதுக் கணக்குக்கு வரும் ஓடிபி இன்னும் முன்னாள் கணக்காளரின் எண்ணுக்கே போகிறது. இந்த நிலையை வைத்துக்கொண்டு, அரசைவிட நம்மிடம் தரவு பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மை நம்பிப் பிள்ளையைப் பற்றிப் பேசிய தாய்க்கு நாம் செய்யும் துரோகமாகவே இதைக் கருதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்ற அமைப்புகளையும் கட்டுப்படுத்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. அரசோ, தன் அமைப்புகள் சிலவற்றுக்கு இச்சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டுள்ளது. செர்ட்-இன் ஆணையில் அரசுக்குக் கட்டாயம் தெளிவாகவும் நமக்கு மங்கலாகவும் இருந்தது. இங்கே நிலைமை தலைகீழ்.

கல்வி_அறங்காவலர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தோழி எழுதியதைக் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டவிருக்கிறேன். ஓடிபி விஷயம் எங்களுக்கும் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். துறையின் தளத்தில் பதிவு செய்ய ஒப்புக்கொள்வதானால், முன்கூட்டியே அவர்களிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

மறுமொழி 4: தணிக்கை_மேசை

ஐயா, எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், தரவை இரண்டாகப் பிரியுங்கள். பெயர், வகுப்பு, பள்ளி போன்றவை துறையிடம் வேறு வழியில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைத் தளத்தில் பதிவதால் புதிய ஆபத்து அதிகம் இல்லை. ஆற்றுப்படுத்துநரின் குறிப்புகள் எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தளத்துக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. பல மேசைகளில் திறக்கப்படும் தளத்தில் அந்தக் குறிப்புகளை ஏற்றிவிட்டு அந்தப் பிரிவை மதிப்பதாகச் சொல்ல முடியாது.

துறையிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். தளத்தின் கடைசிப் பாதுகாப்புத் தணிக்கை எந்தத் தேதியில் நடந்தது, அதன் பிறகு தளத்தில் மாற்றம் செய்யப்பட்டதா, எந்தெந்தப் பதவியில் இருப்பவர்கள் எந்தெந்த விவரத்தைப் பார்க்க முடியும், ஒப்பந்தப் பணியாளருக்குத் தனி லாகின் உண்டா, திட்டம் முடிந்தால் தரவு எப்போது அழிக்கப்படும், கசிவு நேர்ந்தால் உங்களுக்கு யார் எப்போது சொல்வார். தணிக்கைச் சான்றிதழின் நகலை மட்டும் அனுப்பி மற்ற கேள்விகளுக்கு விடை தராவிட்டால், இப்போதைக்குப் பதிவை நிறுத்திவைக்கலாம்.

உங்கள் பக்கத்து வேலையை அதற்காகக் காத்திருக்க விடாதீர்கள். தகுதி பெற்ற அறக்கட்டளைகளுக்குக் கூகுள் தன் அலுவலகச் சேவையை இலவசமாகவே தருகிறது. அதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு, வேலையை விட்டவரின் கணக்கை உடனே முடக்கும் வசதி எல்லாம் உண்டு. குறிப்புகளைத் திறக்கும் உரிமையை ஆற்றுப்படுத்துநருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் கொடுங்கள். வாரம் ஒரு நகலைக் குறியாக்கம் செய்த வெளி வன்தட்டில் எடுத்து, கணினியிலிருந்து பிரித்து, பூட்டிய அலமாரியில் வையுங்கள். அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று கணக்காளருக்குச் சொல்லிவையுங்கள். அதையும் மீறிப் பணம் போய்விட்டால், இணையவழிக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அன்றைக்கே அழைக்க வேண்டும்.