எந்தக் கிரிப்டோ நாணயத்துக்கு எந்த வாலட்? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவைவாசி:

வணக்கம் நண்பர்களே. புதிதாக வாலட் (கிரிப்டோ நாணயங்களைக் கையாளும் செயலி) தேடும் யாரும் என்னைப் போல ஓர் இரவு முழுக்கத் தவிக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2023-ல் ஒரு எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளத்தில், 200 யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய நாணயம்) வாங்கி வைத்திருந்தேன். சொந்த வாலட்டுக்கு மாற்றிவிடலாம் என்று மெட்டாமாஸ்க் போட்டேன். பணம் எடுக்கும் பக்கத்தில் இஆர்சி-20 (எத்தீரியம்), டிஆர்சி-20 (ட்ரான்), பிஇபி-20 (பிஎன்பி ஸ்மார்ட் செயின்) என்று மூன்று நெட்வொர்க்குகள், அதாவது தனித்தனிக் கணக்கேடுகள், இருந்தன. எத்தீரியத்தில் கட்டணம் பல டாலர், பிஇபி-20-ல் ஒரு டாலருக்கும் கீழே. குறைவாக இருந்ததைத் தொட்டேன். என் முகவரி 0எக்ஸ் என்று தொடங்குவது, மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பத்து நிமிடத்தில் 'அனுப்பியாயிற்று' என்று செய்தியும் வந்தது. வாலட்டைத் திறந்தால் பூஜ்யம்.

வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு டெலிகிராம் குழுவில் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் ஒருவர் தனிச்செய்தியில் வந்து, "உங்க வாலட் சிங்க் ஆகலை சார், 12 சொற்களையும் இந்தப் படிவத்தில் போடுங்க" என்றார். வாலட்டை மீட்டுப் பணத்தை எடுக்க உதவும் ரகசியச் சொற்கள் அவை. பதற்றத்தில் டைரியைப் பார்த்து நான்கு சொற்களை அடித்தும்விட்டேன். ஐந்தாவது சொல்லுக்குக் குனிந்தபோது, அதே பக்கத்தின் மேலே நானே சிவப்பு மையில் எழுதிய 'யார் கேட்டாலும் தராதே' கண்ணில் பட்டது. படிவத்தை அப்படியே மூடினேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு தம்பி பொறுமையாக விளக்கினார். பெயர் ஒன்றாக இருந்தாலும் யூஎஸ்டிடி ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் தனித்தனி டோக்கன். எத்தீரியத்துக்கும் பிஎன்பி ஸ்மார்ட் செயினுக்கும் முகவரி அமைப்பு ஒன்றுதான், பணத்தை எடுக்கும் ரகசியச் சாவியும் ஒன்றுதான். ஆக, என் பணம் என் முகவரியிலேயே இருந்திருக்கிறது. நான் எத்தீரியத்தில் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். செயின் ஐடி 56 (நெட்வொர்க்கின் அடையாள எண்) கொடுத்து அந்த நெட்வொர்க்கைச் சேர்த்து, டோக்கனை அடையாளம் காட்டும் காண்ட்ராக்ட் முகவரியையும் போட்டதும் 199-சொச்சம் தெரிந்தது. அதை வேறிடத்துக்கு அனுப்பக் கட்டணமாகக் கொஞ்சம் பிஎன்பி (அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயம்) தேவைப்பட்டது. அப்புறம் அதையும் வாங்கினேன். எத்தீரியம் என்றால் கட்டணம் ஈத்தரில், ட்ரான் என்றால் டிஆர்எக்ஸில். ட்ரான் முகவரி 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வாலட் எந்த நாணயத்தைத் தாங்கும் என்பதோடு, எந்த நெட்வொர்க்கில் தாங்கும் என்றும் பாருங்கள். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

சிங்கைவாசி:

அண்ணா, சாவி உங்கள் கையில் இருந்ததால் தப்பித்தீர்கள். நான் இதே தவறை ஓர் எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் முகவரிக்குச் செய்தேன். அவர்கள் அந்த நாணயத்தை எத்தீரியத்தில் மட்டும் வாங்குபவர்கள், நான் அனுப்பியது பிஇபி-20-ல். முகவரி என் பெயரில் இருந்தாலும் சாவி அவர்களிடம். மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதி, மீட்புக் கட்டணமும் கட்டின பிறகுதான் திரும்பி வந்தது. அதிலிருந்து எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் முதலில் பத்து டாலர் அனுப்பி, அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே மீதியை அனுப்புகிறேன். இரண்டு முறை கட்டணம் போகிறதே என்று என் மனைவி கேட்பாள். போகட்டும்.

நெல்லைக்காரன்:

எக்ஸ்ஆர்பி என்ற நாணயம் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. 2022-ல் 25 எக்ஸ்ஆர்பியைப் புது வாலட்டுக்கு மாற்றினேன். 15 மட்டும்தான் செலவழிக்க முடியும் என்றது. ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அந்த நெட்வொர்க்கில் ஒரு கணக்கு உயிரோடு இருக்க அப்போது 10 எக்ஸ்ஆர்பி கையிருப்பு கட்டாயம் என்று பிறகுதான் தெரிந்தது. 2024 டிசம்பரில் அதை 1 ஆகக் குறைத்ததும் முடங்கிக் கிடந்த 9-ஐயும் எடுக்க முடிந்தது. எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பும்போது டெஸ்டினேஷன் டேக் எண்ணை மறந்துவிடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே முகவரிதான், அந்த எண்ணை வைத்துத்தான் யாருடைய பணம் என்று பிரிக்கிறார்கள்.

மதுரைப்பெண்:

என் கதை பிட்காயின். 2019-ல் எலெக்ட்ரம் என்ற வாலட் போட்டு, 12 சொற்களை ஒரு தாளில் எழுதி நகைப் பெட்டியில் வைத்தேன். நான்கு வருடம் கழித்து லேப்டாப் போய்விட்டது. சொற்கள்தான் இருக்கிறதே என்று வேறொரு மொபைல் வாலட்டில் போட்டால், தவறான சொற்கள் என்றது. எழுத்துப் பிழையா என்று ஒவ்வொன்றாக மூன்று முறை சரிபார்த்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. 12 சொற்கள் என்றாலே எல்லா வாலட்டும் பிப்-39 என்ற பொது முறையில் படிக்கும் என்று நம்பியிருந்தேன். எலெக்ட்ரம் தனக்கென்று வேறு முறை வைத்திருக்கிறது, சொற்களைப் பார்த்து அது தெரியாது. மறுபடி எலெக்ட்ரத்தையே அதன் அசல் தளத்திலிருந்து இறக்கி அதே சொற்களைப் போட்டேன். முழுத் தொகையும் அப்படியே இருந்தது.

இப்போது அந்தத் தாளின் மேல் மூலையில் வாலட்டின் பெயரும், தொடங்கிய வருடமும், 'முகவரி பிசி1 என்று தொடங்கும்' என்பதும் எழுதியிருக்கிறேன். அண்ணன் வீட்டில் வைத்திருக்கும் இன்னொரு பிரதியிலும் அப்படியே.