சார்ஜர் பின்னை அசைத்தால்தான் சார்ஜ் ஏறுகிறது: ஜாக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி

15.6 அங்குல லேப்டாப், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. அடாப்டர் 19 வோல்ட், 3.42 ஆம்பியர், பின் 5.5 × 1.7 மி.மீ. பின்னைச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். அரை மணி நேரத்தில் அந்த இடம் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. வேறு அடாப்டர் போட்டாலும் இதேதான். திறந்து பார்த்தேன். ஒயரோடு வரும் ஜாக் (பின்னைச் செருகும் துளையுள்ள பாகம்) இல்லை, மதர்போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறது. கடையில் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். என்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் உண்டு. போதுமா?

பதில் 1

போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஜாக்கில் கை வைப்பதற்கு முன் கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் லேப்டாப்பை ஓட விடுங்கள் (ஹீட்சிங்க், ஃபேன் இடத்தில் இருக்க வேண்டும்). மல்டிமீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில் (போர்டின் நெகட்டிவ் பக்கம்). சிவப்பு முனையை முதலில் ஜாக்கின் பாசிட்டிவ் காலிலும், பிறகு அந்தக் காலிலிருந்து போகும் ட்ராக்கில் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) வரும் முதல் பாகத்திலும் வைத்து, பின்னை அசையுங்கள். முனை வழுக்கி ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலிலேயே 19 வோல்ட் விட்டுவிட்டு வந்தால் ஜாக்கின் உள் தகடு தளர்ந்திருக்கிறது. காலில் நிலையாக இருந்து ட்ராக்கில் ஆடினால் சால்டர் விரிசல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அப்படியானால் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) போட்டுப் புது ஈயம், அதாவது சால்டர், ஏற்றினாலே சரியாகிவிடும். இரண்டிலும் நிலையாக இருந்தும் சார்ஜ் ஏறாவிட்டால் ஜாக்கைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு அடுத்துள்ள ஃப்யூஸ் அல்லது மாஸ்ஃபெட்டை (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச் போன்ற பாகம்) பாருங்கள்.

லேப்டாப்பை அணைத்துவிட்டு அளந்தால் ஏமாந்துபோவீர்கள். மீட்டர் கரண்ட் இழுக்காது, அதனால் தளர்ந்த தொடர்பிலும் முழு 19 வோல்ட் காட்டும். நீங்கள் சொல்லும் சூடும் இதனால்தான். தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே 3.42 ஆம்பியரில் கிட்டத்தட்ட 6 வாட் அங்கேயே எரிகிறது. ஜாக்கின் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பதில் 2

25 வாட் போதாது. கிரவுண்ட் கால்கள் போர்டின் உள்ளே அகலமான செம்புத் தளத்தோடு சேர்ந்திருக்கும். அயர்னின் சூட்டை அந்தத் தளம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் பாதி உருகிப் பசை போல நிற்கும். அந்த நிலையில் ஜாக்கை இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்புக் குழலும் சேர்ந்து வந்துவிடும். பெரும்பாலான போர்டுகள் கெடுவது இந்த ஒரு இழுப்பில்தான்.

60 வாட்டுக்குக் குறையாத, வெப்பக் கட்டுப்பாடு உள்ள அயர்ன், 3 மி.மீ. அகல உளி முனை, 380 டிகிரி செல்சியஸ். ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) இருந்தால் அந்தப் பகுதியை முதலில் 120 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்குங்கள், பக்கத்துப் பிளாஸ்டிக் கனெக்டர்களைச் சூடு தாங்கும் காப்டன் டேப்பால் மூடிவிட்டு. ஆலையில் போடுவது ஈயமில்லா சால்டர், உருக 217 டிகிரி வேண்டும். அதன் மேல் 63/37 (வெள்ளீயம்/ஈயம்) சால்டரைத் தாராளமாக ஏற்றிக் கலந்துவிட்டால் உருகுநிலை இறங்கும், வேலை பாதி முடிந்த மாதிரி.

ஜாக்கை முழுசாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அது எப்படியும் குப்பைக்குத்தான். கட்டரால் பிளாஸ்டிக்கை நொறுக்கி எடுத்துவிட்டு, கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இடுக்கியால் உருவுங்கள். தானாக வழுக்கி வர வேண்டும். துளையில் மிஞ்சும் ஈயத்தை ஃப்ளக்ஸ் தடவிய விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) கொண்டு எடுங்கள். புது ஜாக்கை வைத்ததும் ஒரு காலை மட்டும் சால்டர் செய்து, போர்டோடு ஒட்டி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். ஈயம் துளை வழியாக மறுபக்கமும் தெரிய வேண்டும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

பதில் 3

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். பாகம் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கால்களின் இடைவெளி, ஜாக்கின் உயரம், நடுக் கம்பியின் தடிமன் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். 5.5 × 2.5 ஜாக்கும் வெளியே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் உங்கள் பின் நுழையாது. சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவுக்குப் பழைய ஜாக்கையே கையில் கொண்டு போங்கள்.

குழல் பிய்ந்துவிட்டாலும் போர்டு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாசிட்டிவ் காலிலிருந்து அதே ட்ராக்கின் அடுத்த பாகத்துக்கு 20 கேஜ் ஒயர் போட்டுச் சால்டர் செய்யலாம். அதைவிட மெல்லிய ஒயர் 3.42 ஆம்பியருக்கு வேண்டாம்.

கேஸில் ஜாக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் மேடை உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்திருந்தால் எபாக்ஸியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னைச் செருகும் விசை முழுக்க சால்டர் மேல் விழுந்து மறுபடி விரியும்.

இதைப் படிக்கும் டெல், ஹெச்பி காரர்களுக்கு: பலவற்றில் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி அடாப்டரை அடையாளம் காட்டுவதற்கானது. அது மட்டும் உடைந்தால் டெல்லில் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது.

கேள்வி கேட்டவர்

நன்றி. விரிசல் இல்லை, காலிலேயே வோல்டேஜ் ஆடுகிறது, உள்ளே பழுப்பாகவும் இருக்கிறது. மாற்றத்தான் போகிறேன். மாற்றியதும் நேராக அடாப்டரைச் செருகலாமா?

பதில் 2

கூடாது. முதலில் பாசிட்டிவ் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். சுழியம் பக்கம் காட்டினால் ஈயம் எங்கோ பாலம் போட்டிருக்கிறது, அதை நீக்கும்வரை மின்சாரம் வேண்டாம். சரியாக இருந்தால், பேட்டரி இல்லாமல் பின்னைச் செருகிவிட்டு அதன்பின் சுவர் சுவிட்சைப் போடுங்கள். பயாஸ் திரை (லேப்டாப் துவங்கும்போது வரும் முதல் திரை) வந்ததும் அணைத்து, பேட்டரியை மாட்டி, அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றி ஜாக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் காலை மறுபடி உருக்கிப் போட வேண்டும்.